பெயர் தாங்கிய சுவர்

வெற்றி பெற்ற நாடு வெற்றித் தூண் நாட்டுகின்றது. புகழ் பெற்ற தலைவருக்கு மக்கள் சிலை எடுக்கின்றனர். இவ்விரண்டும் எளிய செயல்கள். வெற்றியின் மகிழ்ச்சியிலும் தலைவரின் பெருமையிலும் எல்லோர்க்கும் ஒத்த கருத்து உண்டு. ஆதலின் எதனை எவ்வாறு அமைப்பது என்பதில் பெரும் ஐயம் எழுவதில்லை. ஆனால், ஆயிரக்கணக்கானோர் இளமையிலேயே மாண்டு, அவர்கள் மாண்டது எதற்காக என்பதிலேயே நாட்டு மக்கள் இரு கூறாகப் பிரிந்து நின்றால், அங்கே நினைவுச் சின்னம் எழுப்புவது எங்ஙனம்? வெற்றியைக் காட்டினால் அது பொய்யாகும். தோல்வியைக் காட்டினால் மாண்டவர்க்கு இழுக்காகும். ஒன்றும் செய்யாது விட்டால், பெற்றோர் தம் மக்களை நினைந்து நிற்பதற்கு ஓரிடமும் இல்லாது போகும். இவ்வரிய வினாவுக்கு இருபத்தொரு வயதுடைய கல்லூரி மாணவி ஒருவர் விடை கண்டார். அவ்விடையே, அமெரிக்க நாட்டின் தலைநகராகிய வாஷிங்டனில் நிற்கும் வியட்நாம் போர்வீரர் நினைவுச் சுவர்.

தென்கிழக்கு ஆசியாவிலுள்ள வியட்நாம் நாடு 1954 ஆம் ஆண்டில் வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. பொதுவுடைமைக் கட்சி ஆண்ட வடபகுதிக்கும், அமெரிக்காவின் துணை பெற்ற தென்பகுதிக்கும் இடையே போர் மூண்டது. 1965 ஆம் ஆண்டு முதல் அமெரிக்கப் படைகள் பெருந்தொகையாகச் சென்று அங்கே போரிட்டன. 1973 இல் அவை திரும்பின. 1975 ஏப்ரல் 30 ஆம் நாள் தென்பகுதியின் தலைநகரான சைகோன் வீழ்ந்தது, போரும் முடிந்தது. அப்போர் நடந்த காலத்தில், அது தகும் என்போரும் தகாது என்போருமாக அமெரிக்க மக்கள் பிளவுபட்டு நின்றனர். வீதிகளில் ஊர்வலங்கள் நடந்தன. ஒரே வீட்டில் தந்தையும் மகனும் மாறுபட்டனர். போர் முடிந்தபின் அதனைப் பற்றிப் பேசவே பலர் விரும்பவில்லை. திரும்பி வந்த வீரரை வரவேற்க முழவும் இல்லை, மாலையும் இல்லை. மாண்டவரைப் பற்றிய பேச்சும் அவரவர் வீட்டுச் சுவர்களுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

இந்த அமைதியைப் பொறாதவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஜான் ஸ்க்ரக்ஸ். காலாட்படையில் எளிய வீரராகப் பணிபுரிந்து 1969 இல் காயமுற்றவர் அவர். தம்முடன் நின்று மாண்ட தோழர்களின் பெயர்களை நாடு மறந்துவிடுமோ என்று அவர் உள்ளம் வருந்தினார். 1979 ஆம் ஆண்டில் வேறு சில வீரருடன் சேர்ந்து நினைவு நிதி ஒன்றைத் தொடங்கினார். தொடக்கத்தில் 144 டாலர் அளவே பணம் சேர்ந்தது. அதனைக் கேட்டு நகைத்தவரும் உண்டு. எனினும் அவர் தளரவில்லை. தனி மக்களும் சங்கங்களும் நிறுவனங்களும் சிறிது சிறிதாக அளித்த பொருள் இறுதியில் 80 இலட்சம் டாலரைக் கடந்தது. அரசாங்கம் 1980 இல் நிலம் மட்டும் வழங்கியது. அந்நிலம், ஆபிரகாம் லிங்கனின் வெண்பளிங்கு மண்டபத்துக்கு அண்மையில், புல்வெளியும் மரங்களும் சூழ்ந்த அழகிய இடமாகும்.

நினைவுச் சின்னத்தின் அமைப்பைத் தேர்ந்தெடுக்கப் பொதுப் போட்டி ஒன்று நடத்தப்பட்டது. போட்டியின் விதிகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. காண்பவரைச் சிந்திக்கச் செய்யும் அமைதி அதில் இருத்தல் வேண்டும். சூழ்ந்துள்ள இடத்தோடு அது பொருந்துதல் வேண்டும். மாண்டோர், காணாமற்போனோர் அனைவர் பெயரும் அதில் இடம்பெறுதல் வேண்டும். போர் சரியா தவறா என்பது பற்றி அது எத்தகைய தீர்ப்பும் கூறுதல் ஆகாது. இவையே அவ்விதிகள். 1,421 படங்கள் வந்து குவிந்தன. அவற்றை வரைந்தோர் யாவர் என்பது நடுவர்க்குத் தெரியாதவாறு ஒவ்வொன்றுக்கும் எண் மட்டும் இடப்பட்டது. நடுவர் எண்மரும், விமானக் கொட்டகை ஒன்றில் வரிசையாக வைக்கப்பட்ட படங்களைப் பலமுறை சுற்றிப் பார்த்து, 1981 மே மாதத்தில் 1026 ஆம் எண்ணுடைய படத்தை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தனர். உறையைப் பிரித்துப் பார்த்தபோது, யேல் பல்கலைக்கழகத்தில் இளங்கலை பயிலும் மாயா லின் என்னும் மாணவியின் பெயர் இருந்தது.

மாயா லின் 1959 ஆம் ஆண்டில் ஓஹையோ மாநிலத்தில் பிறந்தவர். அவர் பெற்றோர் சீனாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். தந்தையார் களிமண்ணில் கலைப்பொருள் வனைபவர், தாயார் கவிஞர். பல்கலைக்கழகத்தில், இறந்தோர்க்கு எடுக்கப்படும் கட்டடங்களைப் பற்றிய வகுப்பில் அவர் பயின்றார். அங்கே அவர் அறிந்த கட்டடங்களுள் ஒன்று, பிரான்சு நாட்டில் தியேப்வால் என்னுமிடத்திலுள்ள பெரிய நினைவு வளைவு. முதல் உலகப் போரில் சொம் ஆற்றங்கரையில் மாண்டு, கல்லறையும் காணாமற்போன 72,000-க்கும் மேற்பட்ட வீரரின் பெயர்கள் அதன் தூண்களில் பொறிக்கப்பட்டுள்ளன. 1932 இல் திறக்கப்பட்ட அதனை வகுத்தவர் எட்வின் லட்டியன்ஸ். புதுதில்லி நகரமைப்பிலும், 13,000-க்கும் மேற்பட்ட வீரரின் பெயர் தாங்கி நிற்கும் இந்தியா கேட் என்னும் வளைவிலும் அவர் கைவண்ணத்தைக் காணலாம். இவற்றோடு, யேல் பல்கலைக்கழக மண்டபத்தின் சுவரில் போரில் மாண்ட பழைய மாணவர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டிருத்தலை மாயா லின் நாள்தோறும் கண்டு வந்தார். அவ்வழியே சென்றபோதெல்லாம் அப்பெயர்களை விரலால் தொட்டுப் பார்ப்பது அவர் வழக்கமாயிற்று. பெயர் என்பது வெறும் எழுத்துக் கூட்டமன்று. ஒரு மனிதர் இவ்வுலகில் வாழ்ந்து சென்றார் என்பதற்கு எஞ்சி நிற்கும் சான்று என்பதனை அவர் விரல்கள் உணர்ந்தன.

படம் வரைவதற்கு முன்னர் அவர் வாஷிங்டனுக்குச் சென்று அந்நிலத்தை நேரில் கண்டார். அங்கே நின்றபோது, நிலத்தைக் கத்தியால் கீறித் திறப்பது போன்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. முதலில் அது காயம், நோவு தருவது. காலப்போக்கில் புல் வளர்ந்து காயத்தின் விளிம்பை மூடும். ஆயினும் தழும்பு மறையாது. அத்தழும்பே நினைவு. இவ்வெண்ணத்திற்கு அவர் கொடுத்த வடிவம் மிக எளியது. இரண்டு கருங்கற் சுவர்கள் நிலமட்டத்திற்குக் கீழே ஒரு விரிகோணத்தில் சந்திக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 247 அடி நீளம். இரண்டும் கூடும் இடத்தில் உயரம் சுமார் 10 அடி. அங்கிருந்து சிறிது சிறிதாகக் குறைந்து, இரு முனைகளிலும் 8 அங்குலமாகி மண்ணோடு கலந்துவிடுகின்றன. ஒரு சுவர் லிங்கன் மண்டபத்தைச் சுட்டுகின்றது. மற்றது 555 அடி உயர்ந்து நிற்கும் வாஷிங்டன் நினைவுத் தூணைச் சுட்டுகின்றது. அவ்விரண்டும் வெண்மையாய் வானோக்கி உயர்ந்தவை. இச்சுவரோ கருமையாய் மண்ணுக்குள் தாழ்ந்தது. அவற்றோடு போட்டியிடாமல், அவற்றுக்கு நடுவே தலைகுனிந்து நிற்கின்றது.

இச்சுவரின் பொருளை அறிய அதன் அருகே நடந்து செல்லல் வேண்டும். பாதையின் தொடக்கத்தில் சுவர் கணுக்கால் அளவே இருக்கும். அதில் சில பெயர்களே காணப்படும். பாதை மெல்லச் சரியும், சுவர் உயரும். முழங்கால் அளவு, மார்பளவு, தலையளவு எனப் பெயர்கள் பெருகிக்கொண்டே போகும். நடுவிடத்தை அடையும்போது அவை தலைக்கு மேலும் சென்றுவிடும். வீதியின் ஓசை அங்கே குன்றிவிடும். இத்துணைப் பேரா என்ற வியப்பும், இத்துணைப் பேரும் ஒவ்வொருவராக அன்றோ மாண்டனர் என்ற துயரும் நடப்பவர் நெஞ்சில் ஒருங்கே எழும். பின்னர்ப் பாதை மறுபுறம் மெல்ல ஏறும், சுவர் தாழும், வெளிச்சமும் புல்வெளியும் மீண்டும் கண்ணுக்குத் தெரியும். துயரத்துள் இறங்கி, அதனைக் கண்டு, மீண்டும் வாழ்வினுள் ஏறிவருதல் என்னும் அனுபவத்தை அப்பாதையே தருகின்றது.

அச்சுவரின் கல்லும் சிந்தனைக்கு உரியது. அது நம் இந்திய நாட்டில், பெங்களூரை அடுத்த பகுதியில் வெட்டியெடுக்கப்பட்ட கருங்கல். கடல் கடந்து சென்ற அக்கல், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பலகைகளாக அறுக்கப்பட்டது. டென்னசி மாநிலத்தில் அதன்மீது பெயர்கள் பொறிக்கப்பட்டன. நன்கு மெருகிடப்பட்ட அக்கல் கண்ணாடிபோல் விளங்குகின்றது. மகனின் பெயரைத் தேடி அதன்முன் நிற்கும் தாய், அப்பெயருக்குப் பின்னே தன் முகத்தையே காண்கின்றாள். வானும் மரமும், பக்கத்தில் நிற்கும் அயலாரும்கூட அதில் தோன்றுகின்றனர். மாண்டவர் பெயரும் வாழ்பவர் முகமும் ஒரே கல்லில் கூடுகின்றன. வேறு எந்த நிறத்துக் கல்லிலும் இது இவ்வளவு தெளிவாய் அமைந்திராது. கருமை இங்கே அழகுக்காக மட்டும் ஏற்பட்டதன்று; பயன் கருதித் தேர்ந்தது.

பெயர்களை எந்த வரிசையில் பொறிப்பது என்பதிலும் கருத்து வேறுபாடு எழுந்தது. அகரவரிசையே தேடுவார்க்கு எளிது என்று வீரர் பலர் கூறினர். மாயா லின் அதற்கு இசையவில்லை. மாண்ட நாளின் வரிசையே வேண்டும் என்றார். பட்டியலை எடுத்துப் பார்த்தபோது உண்மை விளங்கியது. ஸ்மித் என்னும் குடிப்பெயர் உடையோர் மட்டும் 600-க்கு மேற்பட்டவர். முதற்பெயரும் குடிப்பெயரும் ஒன்றாகவே அமைந்தவரும் பலர். அகரவரிசையில் அடுக்கினால் ஒருவர் பெயர் மற்றொருவர் பெயரோடு கலந்து, தொலைபேசி நூலின் பக்கம் போலாகிவிடும். நாள்வரிசையிலோ, ஒரே நாளில் ஒரே களத்தில் வீழ்ந்த தோழர்கள் அருகருகே இருப்பர். போரிலிருந்து மீண்ட வீரர் ஒருவர், தாம் அங்கிருந்த காலத்தைச் சுவரில் கண்டு, தம்முடன் நின்றவர் அனைவரையும் ஓரிடத்திலேயே காண இயலும். பெயரைத் தேடுவார்க்கு உதவியாக அகரவரிசைக் கையேடு சுவரின் அருகே வைக்கப்பட்டது.

இவ்வரிசை நடுக்கோணத்தில் 1959 ஆம் ஆண்டில் தொடங்கி, கிழக்கு முனை வரை சென்று, பின் மேற்கு முனையில் தொடர்ந்து, 1975 ஆம் ஆண்டோடு மீண்டும் நடுக்கோணத்திலேயே முடிகின்றது. முதலில் மாண்டவர் பெயரும் இறுதியில் மாண்டவர் பெயரும் ஒன்றையொன்று அடுத்து நிற்கின்றன. ஒரு வட்டம் நிறைவு பெற்றது போல, போர் அங்கே முடிவுறுகின்றது. பெயரோடு பதவி எதுவும் குறிக்கப்படவில்லை. படைத்தலைவரும் கடைநிலை வீரரும் அங்கே ஒப்பாவர். இறந்தது உறுதியான வீரரின் பெயரருகே சாய்சதுரக் குறியும், காணாமற்போனவரின் பெயரருகே சிறு சிலுவைக் குறியும் உண்டு. காணாமற்போனவரின் உடல் அடையாளம் காணப்பட்டால் சிலுவைக் குறியின்மேல் சாய்சதுரம் செதுக்கப்படும். அவர் உயிரோடு திரும்பினால் அக்குறியைச் சுற்றி வட்டம் இடப்படும் என்பது விதி. ஒருவரேனும் திரும்பி வருவாரோ என்று காத்திருந்த குடும்பங்களின் ஏக்கத்திற்கும் அச்சுவரில் இடம் தரப்பட்டது.

சிறந்ததாயினும் இவ்வமைப்பு எளிதில் நிறைவேறிவிடவில்லை. எதிர்ப்புப் பெருகியது. சிலை இல்லை, கொடி இல்லை, வீரம் இல்லை எனச் சிலர் குறை கூறினர். மற்ற நினைவுச் சின்னங்கள் வெண்மையாய் உயர்ந்திருக்க, இதுமட்டும் கருமையாய்த் தாழ்ந்திருப்பது இழிவைக் காட்டும் வெட்டுத் தழும்பே என்று முன்னாள் வீரர் ஒருவர் கடிந்துரைத்தார். ஆசிய முகமுடைய ஓர் இளம்பெண் ஆசியாவில் நடந்த போருக்குச் சின்னம் அமைப்பதா என்று முணுமுணுத்தவரும் இருந்தனர். நடந்த கூட்டங்களுள் ஒன்றில், கறுப்பினத்தைச் சேர்ந்த படைத்தலைவர் ஒருவர் எழுந்து, கருநிறத்தை இழிவின் நிறம் என்பது தகாது என்று உறுதியுடன் கூறினார். இறுதியில் இரு சாராரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். சுவர் வரைந்தபடியே அமையும். அதற்குச் சற்றுத் தொலைவில் கொடிமரமும், பிரடெரிக் ஹார்ட் என்னும் சிற்பி வடித்த மூன்று வீரரின் வெண்கலச் சிலையும் நிறுவப்படும். அச்சிலை 1984 இல் வைக்கப்பட்டது. அவ்வீரர் மூவரும் தம் தோழரைத் தேடுவார் போலச் சுவரை நோக்கியே நிற்கின்றனர். போரில் பணிபுரிந்த மகளிர்க்கும் 1993 இல் தனியே ஒரு சிலை அருகில் எழுந்தது.

1982 நவம்பர் 13 ஆம் நாள் நினைவுச் சுவர் நாட்டுக்கு ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முந்திய நாட்களில், வாஷிங்டனிலுள்ள பெரிய தேவாலயத்தில் மாண்டோர் அனைவர் பெயரையும் முறைவைத்து உரக்கப் படித்தனர். இரவும் பகலுமாக இரண்டு நாட்களுக்கு மேல் அப்படிப்பு நீண்டது. நாடெங்குமிருந்து பழைய வீரர் திரண்டு வந்தனர். சுவரின்முன் நின்றபோது நடந்ததை எவரும் திட்டமிடவில்லை. அவர்கள் பெயர்களைக் கையால் தடவினர். தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பெயரின் படியை எடுத்துக்கொண்டனர். ஒருவரையொருவர் தழுவி அழுதனர். திரும்புகையில் பலர் சுவரடியில் ஏதேனும் ஒன்றை வைத்துச் சென்றனர். அவ்வழக்கம் நிலைத்துவிட்டது. கடிதம், பழைய காலணி, பதக்கம், பிள்ளை விளையாடிய பொம்மை என அங்கே வைக்கப்பட்ட பொருள்கள் நான்கு இலட்சத்தைக் கடந்துள்ளன. அவற்றை அரசுப் பூங்காத் துறையினர் எடுத்துக் காத்து வருகின்றனர். திறந்த நாளில் 57,939 ஆக இருந்த பெயர்கள், போர்க்காயத்தால் பின்னர் மாண்டோர் முதலியோர் பெயரும் சேர்க்கப்பட்டமையால் 58,000-ஐக் கடந்துவிட்டன. முன்னே எதிர்த்தவருள்ளும் பலர் சுவரைக் கண்டபின் தம் கருத்தை மாற்றிக்கொண்டனர்.

எனினும், அச்சுவர் முழுத் துன்பத்தையும் தாங்கவில்லை என்பதும் மறத்தற்குரியதன்று. அதில் உள்ளவை அமெரிக்கப் படையினரின் பெயர்களே. அதே போரில் மாண்ட வியட்நாம் மக்களோ பல இலட்சவர்; வீரராயினும் அல்லாராயினும் அவர்கள் பெயர் அங்கே இல்லை. அவர்கள் நாட்டில் அவர்களுக்கு உரிய நினைவிடங்கள் உள்ளன. 1968 மார்ச் 16 ஆம் நாள் சோன் மி என்னும் சிற்றூரில் முதியோரும் பெண்டிரும் குழந்தைகளும் அமெரிக்கப் படையினரால் கொல்லப்பட்டனர். உலகம் மை லாய் என்று அறிந்த நிகழ்ச்சி அதுவே. அங்குள்ள நினைவு இல்லத்தில், மாண்ட 504 பேரின் பெயரும் வயதும் ஒரு பலகையில் பொறிக்கப்பட்டுள்ளன. கடலின் இருகரையிலும், பகைத்து நின்ற இரு நாட்டு மக்களும், தம் துயரத்திற்கு உருக்கொடுக்க முயன்றபோது மாண்டவரின் பெயரையே நாடினர் என்பது எண்ணத்தக்கது.

பிற்காலத்தில் எழுந்த நினைவுச் சின்னங்களும் இவ்வழியைப் பின்பற்றின. 2001 செப்டம்பர் 11 ஆம் நாள் தாக்குதலில் மாண்டோர்க்கு நியூயார்க் நகரில் 2011 இல் திறக்கப்பட்ட நினைவிடம் அவற்றுள் ஒன்று. வீழ்ந்த கோபுரங்கள் நின்ற இடங்களில் இரண்டு பெருங்குழிகள் அமைத்து, அவற்றுள் நீர் வீழ்ந்துகொண்டே இருக்குமாறு மைக்கேல் அராட் என்பவர் அதனை வகுத்தார். அவ்வமைப்பைத் தேர்ந்த நடுவருள் மாயா லின்னும் ஒருவர். குழிகளின் விளிம்பில் 2,983 பெயர்கள் வெண்கலத்தில் வெட்டப்பட்டுள்ளன. எவர் பெயர் எவர் பெயரை அடுத்து இருத்தல் வேண்டும் என்று உறவினரைக் கேட்டு, ஒன்றாகப் பணிபுரிந்தோரும் நண்பரும் உறவினரும் அருகருகே அமையுமாறு அவற்றை வரிசைப்படுத்தினர்.

துன்பத்திற்குச் சின்னம் அமைப்பவர் தம் திறமையைக் காட்ட முற்படின், காண்பவர் கட்டடத்தைப் புகழ்வர், மாண்டவரை மறப்பர். இதனைத்தான் நினைக்க வேண்டும், இவ்வாறுதான் வருந்த வேண்டும் என்று அவர் கட்டளையிட முற்படின், மாறுபட்ட கருத்துடையோர் அவ்விடத்தை அணுகார். மாயா லின் இவ்விரண்டையும் செய்யவில்லை. நிலத்தைச் சிறிது திறந்தார். மெருகிட்ட கல்லை நிறுத்தினார். பெயர்களை உரிய வரிசையில் வைத்தார். பின்னர்த் தாம் ஒதுங்கிக்கொண்டார். போரை ஆதரித்தவரும் எதிர்த்தவரும் அச்சுவரின்முன் அருகருகே நிற்கின்றனர். அவர்கள் கருத்து ஒன்றாகிவிடவில்லை. ஆனால் கல்லில் அவர்கள் முகங்கள் ஒரே பெயரின்மீது ஒன்றாய்த் தோன்றுகின்றன. மாண்டவரை எண்ணிக்கையாகக் கருதாமல் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைப்பதே, வாழ்வோர் அவர்க்குச் செய்யத்தக்க முதற்கடமை. அக்கடமையைச் செய்ய ஓர் இடம் வகுத்துத் தருவதே துயரத்திற்குக் கட்டடம் எழுப்புவோரின் பணியாகும்.